குடுத்தது எந்த ஆளுங்க?

அமெரிக்காவில் ஒரு கறுப்பரின் சிறுநீரகத்துக்கு அண்மைக்காலம்வரை இரண்டு கணக்கு இருந்தது. அவர் நோயாளியாக வந்து ‘எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டும், பட்டியலில் சேருங்கள்’ என்று கேட்டால், ‘உன் சிறுநீரகம் நீ நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பொறு’ என்று சொன்னது ஒரு கணக்கு. அதே ஆள் விபத்தில் மூளைச்சாவு அடைந்து, அவர் குடும்பம் மனமுவந்து அவருடைய சிறுநீரகத்தைக் கொடுத்தால், ‘கறுப்பர் கொடுத்தது, சீக்கிரம் கெட்டுப்போகும்’ என்று சொன்னது இன்னொரு கணக்கு. கேட்கும்போது நல்ல சிறுநீரகம். கொடுக்கும்போது மட்டமான சிறுநீரகம். இரண்டு கணக்கையும் போட்டது விஞ்ஞானம். இரண்டிலும் தாழ்ந்து போனது கறுப்பர்.

இந்தச் சாமர்த்தியம் நமக்குப் புதுசா என்ன? நெல் அறுக்க நம்ம கை வேணும், அதே கை சோத்துப் பானையில் பட்டால் தீட்டு என்று சொன்ன ஊரில் பிறந்தவர்கள்தானே நாம்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். டாக்டர்கள் பேச வேண்டியதை நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். பிறப்பை வைத்து உடம்பை அளக்கிற கணக்கு எந்த நாட்டில் போடப்பட்டாலும் அது ஒருநாள் சேரிக்கும் வந்து சேரும். அதனால் பேசுகிறேன்.

முதல் கணக்கைப் பார்ப்போம். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பால் இவற்றை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் எண் போடுகிறார்கள். 1999இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய கணக்கில் நோயாளி கறுப்பர் என்றால் அந்த எண்ணை 21 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். 2009இல் வந்த அடுத்த கணக்கில் இது 16 சதவீதம். காரணம்? கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம். மாட்டைப் பார்த்து இது உழவுக்கு, இது வண்டிக்கு என்று சொல்வதுபோல. அமெரிக்காவில் இந்த எண் 20க்கு இறங்கினால்தான் காத்திருப்போர் பட்டியலில் நாள் எண்ண ஆரம்பிக்கும். வெள்ளையருக்கு 17 என்று வருகிற அதே ரத்தத்தில் கறுப்பருக்கு 20.6 என்று வரும். வெள்ளையர் வரிசையில் நிற்பார். கறுப்பர் வாசலில் நிற்பார். 2021இல்தான் இன அடையாளம் இல்லாத கணக்குக்கு மாறச் சொல்லி அங்குள்ள சிறுநீரக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன. 2023இல், இதனால் காத்திருப்புக் காலத்தை இழந்த கறுப்பர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. அப்படித் திருத்தம் பெற்றவர்கள் 14,000க்கும் மேல். அதற்கு முன்பே செத்துப்போனவர்களுக்கு யாரும் எதையும் திருத்த முடியாது.

இரண்டாவது கணக்கு கொடையாளரைப் பற்றியது. இறந்தவரிடமிருந்து எடுக்கும் சிறுநீரகம் எத்தனை காலம் உழைக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட 2009இல் ஒரு சூத்திரம் வந்தது. 2014 டிசம்பரிலிருந்து அதை வைத்தே அமெரிக்காவில் சிறுநீரகங்களைப் பங்கிட்டார்கள். அதில் பத்து விவரங்கள். வயது, உயரம், எடை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இறந்த காரணம், கிரியாட்டினின், மஞ்சள்காமாலை சி கிருமி, இதயம் நின்று இறந்தாரா என்பது. இவை ஒன்பதும் உடம்பின் நிலை. பத்தாவது, கொடுத்தவர் கறுப்பரா என்பது. மற்ற ஒன்பதிலும் அச்சு அசலாக ஒத்துப்போகிற இரண்டு பேரில், கறுப்பர் கொடுத்ததற்கு மட்டும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் ஆபத்து என்று எழுதினார்கள். எண் மோசமாக ஆக ஆக அந்தச் சிறுநீரகத்தை வாங்கத் தயங்குவார்கள். எடுத்த சிறுநீரகங்களில் கால்வாசிக்கும் மேல் யாருக்கும் பொருத்தப்படாமல் குப்பைக்குப் போகிற நாடு அது. ஒரு சாவு வீட்டார் அழுதுகொண்டே கொடுத்ததை, அவர்கள் பிறப்பைச் சொல்லி இன்னொரு படி கீழே தள்ளினார்கள்.

‘ஆய்வு சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய’ என்றார்கள். சரி, ஆய்வுக்கே போவோம். கறுப்பர் கொடுத்த சிறுநீரகங்கள் சராசரியாகச் சற்று முன்னதாகச் செயலிழந்தன என்பது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஏன் என்று தேடியவர்கள் 2010இல் ஒரு மரபணுவில் போய் நின்றார்கள். 22ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் ஏ.பி.ஓ.எல்.1. அதில் ஜி1, ஜி2 என்று இரண்டு திரிபுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் ட்செட்ஸி என்ற ஈ கடித்துத் தூக்க நோய் வரும். அந்த நோய்க்கிருமியை எதிர்த்து நிற்கும் பலத்தை இந்தத் திரிபுகள் கொடுத்தன. ஈயோடு போராடிப் பிழைத்த சனங்களின் உடம்பில் அவை தங்கின. ஒற்றைப் பிரதி இருந்தால் கிருமியிடமிருந்து காவல். தாய் வழியும் தந்தை வழியும் சேர்ந்து இரண்டு பிரதி வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். உயிர் காத்த ஆயுதமே கையைக் கிழிக்கிற கதை.

2011இல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறுப்பர் கொடுத்த சிறுநீரகங்களை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கொடுத்தவரிடம் இரண்டு திரிபும் இருந்த சிறுநீரகங்கள்தான் சீக்கிரம் செயலிழந்தன. பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதையே காட்டின. அமெரிக்கக் கறுப்பர்களில் இரண்டு திரிபும் உள்ளவர்கள் சுமார் 13 சதவீதம். அந்த 13 பேரிலும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கச் சிறுநீரக நோய் வருவதில்லை. வேறொரு அடியும் சேர்ந்து விழ வேண்டும்.

ஆக என்ன நடந்தது? 13 பேரிடம் இருந்ததை 100 பேர் தலையிலும் எழுதினார்கள். மீதி 87 பேர் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் கறுப்பர்கள். அவ்வளவுதான் குற்றம்.

‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இரண்டு திரிபும் உண்டு. எத்தியோப்பியரிடம் தேடியபோது அந்தத் திரிபுகள் தென்படவே இல்லை என்று 2011இலேயே எழுதிவிட்டார்கள். சூத்திரத்துக்கு முன்னால் இருவரும் ஒன்று. நைஜீரியக்காரர் பேரன் கொடுத்தாலும் 20 சதவீதம், எத்தியோப்பியக்காரர் பேரன் கொடுத்தாலும் 20 சதவீதம். மரபணுவைப் பார்த்தவர்களா இவர்கள்? தோலைப் பார்த்தவர்கள். தோலுக்கு மரபணு என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்.

‘அப்போது சோதனை இல்லை, இனம் ஒரு தோராய அடையாளம், வேறு வழியில்லாமல் வைத்தோம்’ என்பது அவர்களுடைய கடைசிப் பதில். சோதனை எப்போது வந்தது? மரபணு தெரிந்தது 2010. கொடையாளர் மரபணுவின் விளைவு தெரிந்தது 2011. பிறப்பைச் சேர்த்த சூத்திரத்தை நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டு வந்தது 2014. தெரிந்த பிறகு கொண்டு வந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இனத்தை அந்தச் சூத்திரத்திலிருந்து எடுத்தது 2024இல். பத்து வருசம்.

மரபணுவைத் தேடிப் போனதால் என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்க இனாக்ஸாப்ளின் என்ற மருந்தைச் சோதிக்கிறார்கள். 2023இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 13 வாரத்தில் நோயாளிகளின் சிறுநீரில் புரதம் ஒழுகுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காரணத்தைத் தேடினால் மருந்துக்கு வழி பிறக்கும். இனத்தை எழுதிவைத்துக்கொண்டால் என்ன பிறக்கும்? ஒதுக்கி வைக்க ஒரு காரணம் பிறக்கும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ரிஸ்லியின் ஞாபகம் வந்தது. 1901 கணக்கெடுப்பை நடத்திய வெள்ளைக்கார அதிகாரி. மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு ஒரு குறியீடு போட்டு, மூக்கு அகலமாக ஆக சமூகத்தில் படி இறங்கும் என்றவர். அளக்கிற கருவி பார்க்கத் துல்லியமானது. கேட்ட கேள்விதான் ஏற்கெனவே பதில் எழுதப்பட்ட கேள்வி. அந்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்துத்தான், பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனமல்ல என்று பாபாசாகேப் 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் நிறுவினார். சாதி என்பது இனப்பிரிவு அல்ல, ஒரே இனத்து மக்களைச் சமூகம் பிரித்துப் போட்ட பிரிவு என்று 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் எழுதியும் வைத்தார். எதிரியின் அளவுகோலைக் கண்டு ஓடாமல், அதைப் பிடுங்கி அளந்து காட்டுவது எப்படி என்று அவர் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

நம்ம ஊருக்கு வருவோம். என் சித்தப்பா ஓர் அரசு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். துணைக்கு நான் போவேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா ஒருநாள் கேட்டார், ‘தம்பி, போன வாரம் ஒருத்தருக்குக் கிட்னி கெடைச்சுதே, குடுத்தது எந்த ஆளுங்கன்னு சொன்னாங்களா?’ சித்தப்பா சட்டென்று திரும்பி, ‘ஏம்மா, மூத்திரம் பிரிக்கிறதுக்கும் எந்த ஆளுன்னு பாக்கணுமா?’ என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. ‘இல்லப்பா, நாளைக்கு ஒடம்புக்குள்ளயே இருக்கப் போவுதே’ என்றார். சாகக் கிடக்கிற உடம்பு. அதற்குள்ளும் தெரு பிரித்து வைத்திருக்கிறது சாதி.

அந்தம்மாவுக்கு விஞ்ஞானம் என்ன பதில் சொல்லும்? முதலில் ரத்த வகை. அடுத்து 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. என்ற மரபணுக்கள். இது நம்ம செல், இது அந்நியம் என்று உடம்பு அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான். பெற்றவரோடு பாதி பொருந்தும். கூடப் பிறந்தவரோடு முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு வாய்ப்பில் கூடப் பிறந்தவரோடுகூட ஒன்றுமே பொருந்தாமல் போகும். ஒரே வயிற்றில் பிறந்தவனே அந்நியனாகலாம் என்று உடம்பு சொல்கிறபோது, ‘நம்ம ரத்தம்’ என்று மார்தட்டுகிற சாதிச் சங்கத் தலைவர்கள் எந்த ரத்தத்தைச் சொல்கிறார்கள்?

முதலில் வெற்றி பெற்ற மாற்றுச் சிறுநீரகம் 1954 டிசம்பரில் பாஸ்டனில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு இடையில் நடந்தது. மரபணு அப்படியே ஒன்று என்பதால் உடம்பு ஏற்றுக்கொண்டது. அன்று உறவு இல்லாமல் உறுப்பு இல்லை. 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. உடம்பின் எதிர்ப்பை அடக்கியது. பொருத்தம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தது. இதைச் சென்னையில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் கூர்மையாகச் சொன்னார். முன்பு வித்தியாசத்தைக் கண்டறிய வேண்டியிருந்தது, இந்த மருந்துக்குப் பிறகு வித்தியாசத்தை அடக்கினால் போதும், அதனால் யாருடைய உடம்பும் எடுக்கத் தக்கதாயிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். யாருடைய உடம்பும் என்றால் யாருடையது? வில்லிவாக்கத்தைக் கேளுங்கள். ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வாங்கிய ஊர் அது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் வயிற்றுத் தழும்பைக் காட்டினார்களே, 2007இல், அவர்களைக் கேளுங்கள். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளிகளைக் கேளுங்கள்.

இங்கேதான் நம்ம நாட்டுத் தந்திரம் இருக்கிறது. பெண் கொடுக்க, தண்ணீர் கொடுக்க, வாடகைக்கு வீடு கொடுக்கச் சாதி பார்க்கிற சமூகம், விலைக்குக் கிட்னி வாங்கும்போது ரத்த வகையை மட்டும் பார்க்கும். அமெரிக்கச் சூத்திரம் கறுப்பர் கொடுத்ததைத் தள்ளி வைத்தது. இங்கே ஏழை கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஏழையைத் தள்ளி வைத்தார்கள். 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுத்தது. ஆனால் ‘அன்பு அல்லது பற்று’ காரணமாக உறவில்லாதவரும் கொடுக்கலாம், குழு அனுமதித்தால் போதும் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. கந்துவட்டியில் மூழ்கிய தறித் தொழிலாளிக்கு முன்பின் தெரியாத பணக்காரர்மேல் அப்படி என்னய்யா அன்பு பொங்குகிறது?

2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் விசாரித்து, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் கடன் அடைக்க விற்றவர்கள். 71 சதவீதம் பெண்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். மாற்று அறுவை ‘வெற்றி’ என்று மருத்துவ இதழ்கள் எழுதும்போது வாங்கியவர் எத்தனை வருசம் இருந்தார் என்று எழுதுகின்றன. கொடுத்தவர் எத்தனை வருசம் இருந்தார் என்ற பத்தி எங்கே?

இந்தக் கேள்விக்கும் மரபணுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுத்த அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு திரிபும் இருந்த கொடையாளர்கள் 19 பேர். அவர்களில் 2 பேருக்குப் பிற்காலத்தில் சிறுநீரகமே செயலிழந்துபோனது. திரிபு இரண்டும் இல்லாதவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. கொடையாளரின் மரபணு வாங்குகிறவரின் விதியை மட்டும் தீர்மானிக்கவில்லை, கொடுத்தவருடைய விதியையும் தீர்மானிக்கிறது. நம்ம வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக நீர்க்கட்டி வந்து சிறுநீரகம் கெடும் நோய் ஒன்று உண்டு. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு அந்த நோய் என்றால், நன்றாக ஓடியாடுகிற இருபது வயதுத் தங்கச்சியின் உடம்பிலும் அது மறைந்திருக்கலாம். சோதிக்காமல் அவள் கிட்னியை எடுத்தால் இருவர் வாழ்வும் போகும். அங்கே மரபணுச் சோதனை கேட்பது அவள் உரிமை. வயிற்றைக் கிழிப்பதற்கு முன் வேண்டும், பிறகு அல்ல.

ஆகவே நான் மரபணு விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிற பிறப்புக் கணக்குக்கு எதிரி. நம்ம நாட்டில் இனி அதுதான் ஆபத்து. ஜீனோம் இந்தியா என்ற அரசுத் திட்டத்தில் 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இங்கே சமூகக் குழு என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கு இந்தியக் கொடையாளருக்கு ஒரு சூத்திரம் எழுத யாராவது உட்காருவார்கள். பத்தாவது கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?

சாதி உடம்பில் தடமே வைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டுச் சனங்கள் பரவலாகக் கலந்தார்கள், அதற்குப் பிறகு கலப்பு நின்றுபோனது என்று 2013இல் மரபணு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அகமணம் பல தலைமுறைக்கு நீடித்தால் சில திரிபுகள் சில குழுக்களில் குவியும். அது சாதியின் காரணமல்ல, சாதி செய்த காயம். காயத்தைக் காட்டி ‘பார், நீ பிறவியிலேயே வேறு’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. குழுவின் சராசரி எந்தத் தனிமனிதரின் உடம்பையும் சொல்லாது. அந்த 87 பேர் அதற்குச் சாட்சி.

தோழர்களே, மருத்துவம் படிக்கிற நம்ம பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கொண்டுபோய்ச் சேருங்கள். மரபணுவைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆளின் மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழைப் பார்த்துச் சிறுநீரகத்துக்கு மதிப்பெண் போட விடாதீர்கள். உயிரோடு கொடுக்கிற ஒவ்வொருவருக்கும், முக்கியமாகத் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும், கொடுப்பதற்கு முன் முழுச் சோதனையும் கொடுத்த பின் ஆயுள் முழுக்க இலவச மருத்துவமும் சட்டமாக வேண்டும். ஒவ்வொரு வெற்றிக் கணக்கிலும் கொடுத்தவர் எப்படி இருக்கிறார் என்ற ஒரு பத்தி வேண்டும். உறுப்பு தானம் செய்தவர் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவருக்கு அந்த மரியாதை சரி. தழும்போடு தறி ஓட்டிக்கொண்டிருக்கிற உயிரோடு இருப்பவருக்கு என்ன மரியாதை என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.